மூலிகைகளுக்குப் பெயர் வந்த வகை

எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருளை முன்னிட்டு வெளிவரும் இம்மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் பண்டிதனும் அல்லன், வைத்தியனும் அல்லன். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசாங்க எழுதுவினைஞனாகக் கோவைகளோடும் பதிவேடுகளோடும் காலங்கழித்தவன். ஆனால் அந்தத் தொழிலில் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டேன். பெயரில் ஓர் எழுத்துப் பிசகினால் ஒரு மனிதருடைய ஓய்வூதியமே நின்றுபோகும். மூலிகைகளின் பெயர்களைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அந்தப் பழக்கம் ஒரு காரணம். மற்றைய காரணம் எமது ஆலயத்திலேயே நிகழ்ந்தது.

நான் பரிபாலன சபையில் சேர்ந்த முதலாவது வருடம், ஆவணிச் சதுர்த்திப் பூசைக்கு இருபத்தொரு பத்திரங்களையும் சேகரிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. குருக்கள் ஐயா ஒரு தாளில் பெயர்களை எழுதித் தந்தார். மாசீ, பிருஹதீ, வில்வம், தூர்வா, துத்தூரம், பதரீ, அபாமார்க்கம் என்று அது நீண்டு சென்றது. வில்வமும் துளசியும் தெரிந்தன. மற்றவற்றில் பாதி எனக்கு விளங்கவில்லை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, தாளோடு பட்டணத்துக்குப் போய் ஒரு நாட்டு மருந்துக் கடையில் "அபாமார்க்கம் இருக்கிறதா?" என்று கேட்டேன். "முடிஞ்சு போச்சு, அடுத்த கிழமை வரும்" என்றார் கடைக்காரர். வெறுங்கையோடு திரும்பி, கேணிக்கரைப் பற்றைக்குள்ளால் குறுக்கே நடந்து கோயிலுக்கு வந்து சேர்ந்தேன். குருக்கள் ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அபாமார்க்கம் கிடைக்கேல்லையோ? அது உங்கடை வேட்டியிலை அல்லோ ஒட்டிக்கொண்டு நிக்குது!" குனிந்து பார்த்தேன். வேட்டிக் கரை முழுவதும் நாயுருவிக் காய்.

அன்றிலிருந்துதான் இந்தப் பெயர்களின் பின்னால் அலையத் தொடங்கினேன். நாயுருவி என்ற பெயரைப் பாருங்கள். வழியால் போகிற நாயின் உடம்பை உருவி ஒட்டிக்கொள்வதால் அப்பெயர் வந்தது என்பர். வடமொழியிலோ அந்தச் செடிக்கு ஒரு பெயரல்ல, பல. அபாமார்க்கம் என்றால் துடைத்துச் சுத்தஞ் செய்வது என்பது பொருள். இது அதன் தொழிலைச் சொல்கிறது. கரமஞ்சரி என்றால் சொரசொரப்பான பூங்கதிரை உடையது. அதச்சல்யம் என்றால் கீழ்நோக்கிய முள்ளை உடையது. பிரத்யக்புஷ்பி என்றால் பூக்கள் மறுபுறம் திரும்பி நிற்பது. கேணிக்கரைக்குப் போய் ஒரு கதிரை உருவிப் பார்த்தேன். மேலிருந்து கீழே உருவினால் வழுக்கிக்கொண்டு போகிறது. கீழிருந்து மேலே உருவினால் குத்துகிறது. இந்த நாலு பெயர்களையும் சேர்த்துப் படித்த ஒருவர், நாயுருவியை ஒருநாளும் கண்டிராதவராயினும், செடியைக் கண்டவுடன் இதுதான் என்று சொல்லிவிடலாம்.

எனது கந்தோர்க் காலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர், ஊரிலே வழங்குவது இன்னொரு பெயர் என்று வருவோர் பலர். அவர்களைச் சமாதான நீதவானிடம் அனுப்பி, இந்த மூவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்துவரச் சொல்லுவோம். ஆயுர்வேதத்தில் நிகண்டு என்று சொல்லப்படுபவை மூலிகைகளுக்கு முடிக்கப்பட்ட சத்தியக்கடதாசிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தன்வந்தரி நிகண்டு, ராஜ நிகண்டு, 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய பாவப்பிரகாசத்தின் நிகண்டுப் பகுதி என்பன அவற்றுட் பெயர்போனவை. ஒவ்வொரு மூலிகைக்கும் உரிய எல்லாப் பெயர்களையும் ஓரிடத்தில் செய்யுளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாணவன் மனப்பாடஞ் செய்துகொண்டு காட்டுக்குப் போகவேண்டும். படம் இல்லாத காலத்தில் பெயர்தான் படம்.

ராஜ நிகண்டை ஆக்கிய நரஹரி பண்டிதர், மூலிகைக்குப் பெயர் ஏழு வழியால் வருகிறது என்று வகுத்துள்ளார். காரணம் தெரியாமலே வழக்கில் நிலைத்த பெயர், இயல்பால் வந்த பெயர், தேசவழக்கால் வந்த பெயர், உடம்பிலுள்ள அடையாளத்தால் வந்த பெயர், உவமையால் வந்த பெயர், வீரியத்தால் வந்த பெயர், வேறொன்றின் பெயரை இரவல் வாங்கிய பெயர் என்பன அவை. இவற்றில் சில எங்கள் இருபத்தொரு பத்திரங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

இரவல் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தாளின் அடியில் அர்ஜுன பத்திரம் என்று இருந்தது. குளக்கரைகளில் நிற்கிற நமது மருதமரம். அர்ஜுனம் என்றால் வெண்மை. வெளுத்து மினுங்கும் பட்டையால் வந்த பெயர். அத்தோடு விட்டார்களா? அர்ச்சுனன் என்ற பெயர் பாண்டவரில் ஒருவருக்கும் உண்டல்லவா என்று, பார்த்தன், தனஞ்சயன் என அவருடைய மற்றப் பெயர்களையும் தூக்கி மரத்துக்கு வைத்துவிட்டார்கள். செய்யுளில் சீருக்கு ஏற்ற பெயரைப் போட்டுக்கொள்ள அது வசதி. ஆனால் விஷயம் தெரியாதவன், தனஞ்சயனின் தோலை உரித்துக் கஷாயமிடு என்று வாசித்தால் என்ன நினைப்பான்! எருக்குக்கு அர்க்கம் என்று பெயர். அர்க்கன் என்றால் சூரியன். ஆகவே சூரியனுடைய மற்றப் பெயர்களெல்லாம் எருக்குக்கும் போயின. சித்திரமூலத்துக்கு அக்கினியின் பெயர்கள் அத்தனையும் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. அதன் வேரை அரைத்துத் தோலிலே வைத்தால் நெருப்புச் சுட்டதுபோலக் கொப்பளிக்கும். வீரியத்தால் வந்த பெயர் அது. அதே சமயம் எச்சரிக்கையுமாகும்.

எச்சரிக்கைப் பெயர்கள் இன்னும் இரண்டு தாளில் இருந்தன. கரவீரம் என்பது நாம் நாள்தோறும் மாலை கட்டுகிற அலரி. அதற்கு வடமொழியில் ஹயமாரகம் என்றும் பெயர். குதிரையைக் கொல்வது என்பது பொருள். குதிரைக்கே அந்தக் கதியென்றால் மனிதருக்குச் சொல்லவேண்டியதில்லை. துத்தூரம் என்பது ஊமத்தை. உன்மத்தம் என்பதும் அதன் பெயர். உண்டவருக்குப் புத்தி பேதலிக்கும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. சிவனுக்கும் பிள்ளையாருக்கும் சாத்தலாம், அடுப்படிக்குக் கொண்டுபோகலாகாது.

இந்தப் பெயர்களை முதன்முதல் வைத்தவர்கள் படித்தவர்கள்தான் என்று நினைத்துவிடக்கூடாது. சரக சம்ஹிதையின் முதலாவது அத்தியாயத்திலேயே, மூலிகைகளின் பெயரையும் உருவத்தையும் அறிந்தவர்கள் காட்டிலே திரிகிற ஆட்டிடையர், மாட்டிடையர் முதலியோர் எனச் சொல்லப்பட்டிருக்கிறது. பெயரும் உருவமும் மட்டும் தெரிந்தால் போதாது, எவருக்கு எப்போது எவ்வளவு கொடுப்பது என்று அறிந்தவனே வைத்தியன் என்றும், அறியாத மருந்து நஞ்சையும் நெருப்பையும் ஒத்தது என்றும் அந்நூல் தொடர்ந்து சொல்கிறது.

ஆட்டிடையர் என்றதும் நினைவுக்கு வருவது ஆடாதோடை. எதையும் கடிக்கிற ஆடும் தொடாத இலை என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். வேலிக்கு நட்டால் ஆட்டுக்குப் பயமில்லை என்பது எங்கள் ஊரவருக்கும் தெரிந்ததே. வடமொழிக்காரர் அதே செடியின் பூவைப் பார்த்தார்கள். வாயைப் பிளந்த சிங்கத்தின் முகம்போல இருந்ததால் சிம்ஹாஸ்யம் என்றார்கள். செடி ஒன்று, ஒருவர் இலையைக் கடிக்காத ஆட்டைக் கண்டார், மற்றவர் பூவுக்குள் சிங்கத்தைக் கண்டார். 1670களில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கைக்கு வந்த போல் ஹேர்மன் என்பவர் இங்குள்ள செடிகளைச் சேகரித்துச் சென்றார். அந்தச் சேகரிப்பை ஆராய்ந்து இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747இல் நூல் எழுதிய சுவீடன் தேசத்து லின்னேயஸ், 1753இல் இந்தச் செடிக்கு ஜஸ்டீசியா அடதோடா என்று விஞ்ஞானப் பெயர் சூட்டினார். முதற்பாதி ஓர் ஐரோப்பியரின் நினைவாக; பிற்பாதி நமது ஆட்டிடையனுடையது. முருங்கைக்கும் மொரிங்கா என்றுதான் உலகமெங்கும் எழுதுகிறார்கள்.

தமிழும் வடமொழியும் ஒரே கண்ணால் பார்த்த இடங்களும் உண்டு. இலையின் கீழே நெல்லிக்காய் போன்ற சிறு காய்கள் வரிசையாக இருப்பதால் நாம் கீழ்க்காய்நெல்லி என்கிறோம். அவர்கள் பூம்யாமலகி, அதாவது நிலநெல்லி என்கிறார்கள். சாத்தாவாரிக்கு வடமொழியில் சதாவரி. சதம் என்றால் நூறு. கிண்டிப் பார்த்தால் கொத்துக் கொத்தாக வேர்க்கிழங்கு. கோடையில் காய்ந்து மறைந்து, மாரிக்கு மீண்டும் புதிதாகத் தளிர்க்கும் மூக்கிரட்டைக்குப் புனர்நவா என்று பெயர், மறுபடியும் புதியது. திப்பிலிக்கு மாகதி என்ற பெயர் மகத நாட்டால் வந்தது. இப்படியே சொல்லிக்கொண்டு போகலாம். மலரில் மற்றவர்களுக்கும் இடம் வேண்டும்.

இதுவரை ஒன்றுக்குப் பல பெயர் என்பதைப் பார்த்தோம். அதனால் பெரிய ஆபத்து இல்லை. பலவற்றுக்கு ஒரே பெயர் என்று வரும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது. எங்கள் தாளிலேயே தேவதாரு பத்திரம் உண்டு. தெய்வமரம் என்பது பொருள். நூல்கள் சொல்லும் தேவதாரு இமயமலையில் வளர்கிற பெருமரம். இலங்கையின் உலர்வலயக் காடுகளில் செம்மணத்தி என்று ஒரு சிறுமரம் உண்டு. அதற்கும் தேவதாரம் என்றே பெயர். பெயர் மட்டும் மலையிறங்கிக் கடல் கடந்து வந்துவிட்டது, மரம் வரவில்லை. பூசையிலே பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். நோயாளியின் உடம்பு பொறுக்குமா?

நிலவேம்பு என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தரையோடு வளர்கிறது, வேம்புபோலக் கைக்கிறது. உவமையால் வந்த பெயர். வடமொழியில் பூநிம்பம் என்பதும் அதே பொருள்தான். சிங்களத்தில் பிங்கொஹொம்ப என்பதும் அதே பொருள்தான். ஆனால் வட இந்திய வைத்தியர் பூநிம்பம் என்று எடுப்பது இமயமலைச் சாரலில் கிராதர் என்ற மலைவாசிகளின் பெயரால் கிராததிக்தம் என வழங்கும் செடி. தென்னாட்டார் நிலவேம்பு என்று எடுப்பது வேறு செடி. நம் நாட்டுச் சிங்கள வைத்தியர் பிங்கொஹொம்ப என்று எடுப்பது மூன்றாவது ஒன்று. அது உண்மையாகவே வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது, விலையும் அதிகம். தென்னாட்டு நிலவேம்பை அவர்கள் ஹீன் பிங்கொஹொம்ப, அதாவது சிறிய நிலவேம்பு, என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரே பொருளுள்ள பெயருக்குள் மூன்று செடிகள். பிரமியும் அப்படித்தான். கேரளத்தில் பிரமி என்றால் ஈரநிலத்தில் படரும் நீர்ப்பிரமி. வட இந்தியக் கடைகள் பலவற்றில் பிரமி என்றால் நாம் சம்பல் போடுகிற வல்லாரை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க இந்திய அரசின் ஆயுர்வேத மருந்துநூலில் பிரமி என்பது நீர்ப்பிரமி எனவும், மண்டூகபர்ணி என்பது வல்லாரை எனவும் வரையறுத்து எழுதியிருக்கிறார்கள். மண்டூகம் என்றால் தவளை. வல்லாரை இலையைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இனி, நான் எழுத வந்ததற்கு முக்கிய காரணமான சீந்திலுக்கு வருகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஐயாவுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். எங்கள் ஒழுங்கையிலே ஒரு பரியாரியார் இருந்தார். சீந்தில்கொடி வெட்டிக்கொண்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். நானும் வேலியில் கிடந்த இதயவடிவ இலைக் கொடியொன்றை வெட்டிக்கொண்டு ஓடினேன். அவர் இலையைப் பார்க்கவேயில்லை. வில்லுக்கத்தியை எடுத்துத் தண்டைக் குறுக்கே வெட்டி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "தம்பி, இதிலை சில்லு எங்கை?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து வந்து, தன் வளவு வேம்பிலே ஏறியிருந்த கொடியில் ஒரு துண்டு வெட்டிக் காட்டினார். வண்டிச் சில்லின் ஆரக்கால்கள்போல நடுவிலிருந்து நாலாபக்கமும் கோடுகள். "சக்கரம் இருந்தாத்தான் சீந்தில். உன்ரை கொடியை அவிச்சுக் குடுத்திருந்தா கொப்பருக்கு என்ன நடந்திருக்குமோ!" என்றார். நான் வெட்டியது என்ன கொடியென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் சொன்னது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் ஐம்பது வருடமாக நினைத்திருந்தேன். நிகண்டுகளில் சீந்திலுக்குரிய பெயர்களைப் பார்த்தபோது சக்ரலக்ஷணிகா என்று ஒன்று இருந்தது. சக்கரத்தை அடையாளமாக உடையது. பக்கத்தில் சின்னருஹா என்று இன்னொன்று, வெட்டினாலும் முளைப்பது. வெட்டிய துண்டை மரக்கிளையில் தொங்கவிட்டால் நூல்போல வேர்விட்டு நிலத்தைத் தேடி இறங்கும் என்பது கண்டவர்களுக்குத் தெரியும். வத்ஸாதனி என்றால் கன்று தின்பது. குண்டலி என்றால் சுற்றிக்கொள்வது. அமிர்தா என்பது புகழ்ச்சி. நம்மவர் அமிர்தவல்லி என்பதும் இதையே. பரியாரியார் ஒரு நிகண்டையும் திறந்து நான் கண்டதில்லை. ஆனால் அந்தப் பெயர் சொல்கிற செய்கை அவருடைய கைக்கு எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

இது பழங்கதையல்ல. 2020இல் கொரோனா பரவியபோது இந்தியாவில் சீந்திலை நோயெதிர்ப்புக்கென்று இலட்சக்கணக்கானோர் உட்கொண்டார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் மும்பாயில் ஆறு நோயாளிகளுக்கு ஏற்பட்ட ஈரல் பாதிப்பைச் சீந்திலோடு தொடர்புபடுத்தி அங்குள்ள வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். உண்டது உண்மையான சீந்தில்தானா என்று அவர்கள் பரிசோதிக்கவில்லை என இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. சீந்திலைப்போலவே தோன்றும் இன்னோர் இனம் உண்டு, அதை மாறி எடுத்திருக்கலாம் என்றது. சரியான சீந்திலாலும் சிலருக்குத் தீங்கு வரலாம் என்று ஈரல் வைத்தியர்கள் விடாமல் வாதிட்டார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆளல்ல. எனக்கு உறைத்தது வேறு. அந்த மற்றைய இனத்தின் தண்டை வெட்டினாலும் சக்கரம் தெரியும். வெட்டினால் அதுவும் முளைக்கும். இலையும் அதே இதயவடிவம். வித்தியாசம் தண்டின் தோலில்: சீந்திலின் தண்டு பச்சை நிறம், முண்டுகள் இல்லை, மற்றையது சாம்பல் நிறம், தண்டு முழுக்க முண்டு முண்டாக இருக்கும். ஆகவே பரியாரியாரின் சில்லு என் கொடியைத் தள்ளிவிடப் போதுமாயிருந்தது. இரண்டு சீந்திலையும் பிரித்தறியப் போதாது. நிகண்டுக்காரர் ஒரு பெயரோடு நிறுத்தாமல் ஏன் பத்துப் பெயர் சொன்னார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரு பெயர் ஒரு சாட்சி; ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு காணி எழுதமாட்டார்கள்.

அதே கொரோனாக் காலத்தில் கொழும்பிலிருந்து எனது மருமகன் சீந்தில் தூள் என்று ஒரு பொதி அனுப்பினார். பொதியைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். சில்லும் இல்லை, தோலும் இல்லை, முண்டும் இல்லை. கன்று தின்னுமா என்று பார்க்கவும் வழியில்லை. பெயர் மட்டும் பொதியில் வடிவாக அச்சடித்திருந்தது. மருமகன் கோவிப்பார் என்று தெரிந்தும் அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, எங்கள் ஊர் ஆயுர்வேத வைத்தியரிடம் போய்க் கேட்டேன். ஏற்கெனவே ஈரலுக்கோ நீரிழிவுக்கோ மருந்து எடுப்பவர்கள் தாமாக இதைத் தொடங்கக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். நான் நீரிழிவுக்காரன். பொதி இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது.

பரியாரியார் காலமாகிப் பல வருடங்கள். அவருடைய பிள்ளைகள் இடம்பெயர்ந்து வெளிநாட்டில் இருக்கிறார்கள். வீட்டைத் திருத்தும்போது கிடைத்த அவருடைய பழைய கொப்பியொன்றை, கோயிலில் இருக்கட்டும் என்று தந்தார்கள். அதிலுள்ள பெயர்களை வைத்துக்கொண்டுதான் சென்ற வருடம் நந்தவனத்திலும் கேணிக்கரையிலும் நிற்கிற மரஞ்செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதத் தொடங்கினோம். ஒவ்வொரு பலகையிலும் நம் ஊர்ப்பெயர், பூசைக்குரிய வடமொழிப் பெயர், அதன் பொருள் என்று மூன்று வரி. அடுத்த சதுர்த்திக்கு இலை பறிக்கப்போகிறவர் என்னைப்போலப் பட்டணத்துக்கு ஓடத் தேவையில்லை. அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகள் நாயுருவிப் பலகையின் கீழே நின்று ஒருவர் சட்டையில் ஒருவர் காயை ஒட்டி விளையாடுகிறார்கள். விளையாடட்டும், மறக்கமாட்டார்கள்.

இரண்டு பலகைகள் இன்னும் எழுதப்படவில்லை. கொப்பியில் ஆனைவணங்கி என்று ஒரு பெயர் இருக்கிறது. பெருநெருஞ்சிதான் அது, முள் தைத்தால் ஆனையும் காலை மடக்கிக் கும்பிடும் என்கிறார் மேற்கு வீதியிலுள்ள பெரியவர் ஒருவர். இல்லை, அது தேட்கொடுக்கி என்று பூமாலை கட்டுகிற ஆச்சி ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டும் கேணிக்கரையில் நிற்கின்றன. அந்தப் பெயரைத் தம் பெற்றோர் வாயால் கேட்டவர்கள் எவரேனும் இருந்தால், வெள்ளிக்கிழமைகளில் மாலைப் பூசைக்குப் பின்னர் நான் கோயில் அலுவலக அறையில் இருப்பேன். செடியின் ஒரு கொப்பையும் முறித்துக்கொண்டு வாருங்கள்.